ஷார்ஜாவில் முதல்வர், சேரன்மகாதேவியில் ஆயா

பேச்சித்தாய் வெளிநாடு போனதில்லை. பாஸ்போர்ட் கிடையாது. விமானத்தைப் பக்கத்தில் பார்த்ததும் கிடையாது. ஆனாலும் போன பிப்ரவரி மாதம் முழுக்க அவர் ஷார்ஜாவில் இருந்தார். அங்கே ஒரு மளிகைக் கடையில் அரிசி மூட்டைகளுக்கு மேலே, ஆறடி உயரத்தில், கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, ஒரு கையை உலக உருண்டையின்மேல் வைத்தபடி சுவரில் உட்கார்ந்திருந்தார். படத்துக்குக் கீழே ‘டாக்டர் விஜயஸ்ரீ, எம்.ஏ., எம்.எட்., பிஎச்.டி., முதல்வர்’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது.

அந்த மாதம் முழுக்கத் தினமும் காலை ஏழு மணிக்கு அவர் பத்தமடை விலக்கில் மூன்றாம் நம்பர் பள்ளிப் பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தார் என்பதற்கு நாற்பத்திரண்டு பிள்ளைகள் சாட்சி.

சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில் பொதிகைச் சிகரம் சர்வதேச உறைவிடப் பள்ளி இருக்கிறது. விடுதியில் தங்குகிற பிள்ளைகளும் உண்டு, பேருந்தில் வந்துபோகிற பிள்ளைகளும் உண்டு. கொழும்பிலிருந்து ஒரு பையன் வந்து ஆறு மாதம் படித்த வருஷத்தில் பள்ளியின் பெயரில் ‘சர்வதேச’ ஏறியது. பையன் போய்விட்டான். சொல் தங்கிவிட்டது. அங்கே பதினான்கு வருஷமாக ஆயா வேலை பார்ப்பவர் பேச்சித்தாய். வயது ஐம்பத்தொன்று. எந்தப் பிள்ளை வாந்தி எடுக்கும், எந்தப் பிள்ளை வாந்தி வருவதாகச் சொல்லி ஜன்னல் ஓரத்தைப் பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஓட்டுநர் முப்பிடாதி அவரிடம் கேட்காமல் வண்டியை எடுப்பதில்லை.

பள்ளியின் தாளாளர் கார்த்திகேசன். ஆற்றங்கரையில் நஞ்சை வைத்திருந்த குடும்பம். நெல் அடித்த களம் இன்றைக்குக் கூடைப்பந்து மைதானமாக இருக்கிறது. உள்ளூரில் பிள்ளை பிடிப்பதற்குப் போட்டி அதிகமாகிவிட்டதால், வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரர்களின் பிள்ளைகளை விடுதிக்குக் கொண்டுவரலாம் என்று அவருக்கு யோசனை வந்தது. சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியைப் பிடித்தார்கள். சேரன்மகாதேவியை வரைபடத்தில்கூடப் பார்த்திராத கம்பெனி அது.

அந்த விளம்பரத்தை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ‘நீச்சல் வசதி’ என்று ஒரு படம். அது கன்னடியன் கால்வாய். ஓரத்தில் எருமைக் கொம்பு ஒன்று தெரிகிறது. ‘குதிரையேற்றப் பயிற்சி’ என்று இன்னொரு படம். ஏதோ கல்யாண ஊர்வலத்துக் குதிரை. மாப்பிள்ளையை வெட்டி எடுத்துவிட்டார்கள், மாலையின் நுனி மட்டும் சேணத்தில் தொங்குகிறது. ‘விமான நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்’ என்று ஒரு வரி. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளத்திலிருந்து சேரன்மகாதேவிக்குப் பத்து நிமிடத்தில் வர வேண்டுமென்றால் அந்த விமானத்திலேயே வந்து கூடைப்பந்து மைதானத்தில் இறங்கினால்தான் உண்டு. இவற்றையெல்லாம் யாரும் கண்டுகொள்ளவில்லை. குதிரையும் கேட்கவில்லை, எருமையும் கேட்கவில்லை. விளம்பரத்தில் இருந்ததிலேயே அசல் என்று சொல்லக்கூடியது முதல்வர் படம் ஒன்றுதான், அதில்தான் வம்பு வந்தது.

அந்தப் படம் டிசம்பரில், ஆண்டு விழா அன்று எடுத்தது. நிஜ முதல்வர் விஜயஸ்ரீ பாளையங்கோட்டையிலிருந்து வந்துகொண்டிருந்தார். புகைப்படக்காரர் நாற்காலியைப் போட்டு, உலக உருண்டையை வைத்து, வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க ஓர் ஆள் கேட்டார். வராந்தாவில் பேச்சித்தாய் போய்க்கொண்டிருந்தார். தாளாளர் அவரைக் கூப்பிட்டு, அந்தக் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு அங்கன கொஞ்சம் உக்காரு என்றார். உட்கார்ந்தார். சிரிக்கச் சொன்னார்கள். அவர் சிரிக்கவில்லை. காரணம், சன்னலுக்கு வெளியே மூன்றாம் நம்பர் பேருந்தின் படியில் இரண்டு பையன்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்த பார்வைதான் படத்தில் விழுந்தது. பிறகு முதல்வர் வந்து பதினோரு படம் எடுத்துக்கொண்டார். பதினொன்றிலும் கண்ணை மூடியிருந்தார். சென்னைக் கம்பெனிக்காரர்கள் எல்லாப் படங்களையும் பார்த்துவிட்டு, தலைமைப் பண்பு எதில் தெரிகிறதோ அதை எடுத்துப் போட்டார்கள். தவறு என்று சொல்ல முடியாது. கடைசியாக மாதிரித் தாள் தாளாளருக்கு வந்தது. அவர் கண்ணாடி போடாமல் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் கடைசியில் ஷார்ஜாவிலிருந்து சல்மான் ஃபாரிஸ் விடுமுறைக்கு வந்தார். பத்தமடைக்காரர். மகனை விடுதியில் சேர்க்க மனைவியையும் கூட்டிக்கொண்டு ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கு வந்தார். வாசலுக்குள் நுழைந்ததும் மளிகைக் கடைச் சுவரில் தினமும் பார்த்த அதே முகம், கையில் ஒரு வாளியோடு, பேருந்துக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

“மேடம், ஒங்க போட்டோவப் பாத்துதான் பிள்ளய இங்க சேக்கணும்னு முடிவு பண்ணுனோம்” என்றார், கையைக் கட்டிக்கொண்டு.

“நான் மேடம் இல்ல தம்பி. ஆயா. ஆபீசு அங்கன இருக்கு.”

சல்மான் ஃபாரிஸ் மனைவி பக்கம் திரும்பி, “பாத்தியா, பிஎச்.டி. படிச்சிட்டு வாளியத் தூக்குதாவ. இந்தக் காலத்துல இப்பிடி யாரு இருக்கா” என்றார்.

அந்த மரியாதையோடு அலுவலகத்துக்குள் போனவருக்கு விஜயஸ்ரீயைக் காட்டி இவர்தான் முதல்வர் என்றார்கள். அவர் நம்பவில்லை. நிஜமானவரைக் கூப்பிடுங்கள் என்றார். நான்தான் நிஜம் என்று விஜயஸ்ரீ சொல்ல, அப்படியானால் வெளியே நிற்பது யார் என்று இவர் கேட்க, தாளாளர் வெளியே எட்டிப் பார்க்க, அப்போதுதான் விளம்பரத்தில் இருப்பது யார் என்று பள்ளிக்கே தெரிந்தது. சல்மான் ஃபாரிஸ் திரும்பிப் போகிற வழியில் நான்கு நிமிடம் ஓடுகிற ஒரு குரல் பதிவு போட்டு ஷார்ஜா வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினார். பள்ளியில் இரண்டு முதல்வர்கள் இருக்கிறார்கள் என்பது செய்தி. அது மஸ்கட் போய்ச் சேரும்போது மூன்று முதல்வர்கள் ஆகியிருந்தது.

இதற்குப் பதில் சொல்ல வேண்டும். கம்பெனி தவறு என்று சொன்னால், கையெழுத்துப் போட்டது யார் என்று கேள்வி வரும். தாளாளர் ஓர் இரவு யோசித்து, பள்ளியின் தலைப்பு அச்சிட்ட தாளில் ஓர் அறிக்கை எழுதினார். ஆயா ஒருவர் நிர்வாகத்துக்குத் தெரியாமல் முதல்வரின் அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு படம் எடுத்திருக்கிறார், அது விளம்பரத்தில் எப்படியோ சேர்ந்துவிட்டது என்று. அறிக்கை ‘பொருநைத் தூதன்’ நாளிதழின் பகுதிநேர நிருபர் கோமதிசங்கரிடம் போனது.

சனிக்கிழமை எட்டாம் பக்கத்தில் செய்தி. ‘முதல்வர் போல் வேடமிட்ட ஆயா: வளைகுடா பெற்றோர் அதிர்ச்சி.’ கூடவே படம். படத்துக்குக் கீழே ‘வேடமிட்ட பேச்சித்தாய் (34).’ படத்தில் இருந்தது விஜயஸ்ரீ.

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் அன்று காப்பி ஆறிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை திருத்தம் வந்தது. நேற்றைய செய்தியில் ஆயாவின் படத்துக்குப் பதிலாக முதல்வரின் படம் இடம்பெற்றுவிட்டது, வருந்துகிறோம், இதுவே ஆயாவின் படம் என்று போட்டு, களக்காட்டில் வாழைத்தார்க் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய அன்னத்தாய் என்ற பெண்மணியின் படத்தைப் போட்டிருந்தார்கள். பின்னால் தார் தெரிந்தது.

திங்கட்கிழமை மறுதிருத்தம். ‘களக்காடு அன்னத்தாய் எவ்வித ஆள்மாறாட்டத்திலும் ஈடுபடவில்லை.’ இந்த முறை பேச்சித்தாயின் சரியான படம், கறுப்பு அங்கியோடு. கீழே ‘தலைமறைவு’ என்று ஒரு சொல். அந்தப் பத்திரிகை முப்பிடாதியின் இருக்கைக்குப் பக்கத்தில் கிடந்தபோது தலைமறைவானவர் இரண்டடி தள்ளி நின்று ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆக மூன்று நாளில் மூன்று பெண்கள் பத்திரிகையில் வந்தார்கள். முதல்வருக்குத் திருத்தம் கிடைத்தது. வாழைத்தார்க்காரருக்குத் திருத்தம் கிடைத்தது. தவறே செய்யாத மூன்றாவது ஆளுக்கு மட்டும் படம் சரியாக விழுந்துவிட்டது. வயதை முப்பத்து நாலு என்று போட்டதை மட்டும் ஒருவரும் திருத்தவில்லை. அது ஒன்றுதான் அந்தப் பேப்பர் தனக்குச் செய்த நல்லது என்று பேச்சித்தாய் மகளிடம் சொன்னாராம்.

அந்தத் திங்கட்கிழமையே அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் ஒரு கடிதம். நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் அங்கியை அணிந்தது என் தவறு, மன்னிக்க வேண்டுகிறேன் என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. பேச்சித்தாய் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஆனால் ஒரு எழுத்தை விடமாட்டார். இரண்டு முறை படித்தார். தாளாளர் அதுவரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அய்யா, நீங்கதான மாட்டிக்கிடச் சொன்னிய.”

“அதெல்லாம் இப்பம் எதுக்கு? ஒரு கையெழுத்தப் போட்டுட்டுப் போய் பஸ்ஸுல ஏறு. ஒனக்கு என்ன கொறஞ்சிரப் போவுது?”

“எம்பேரு போயிரும்லா.”

கடிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்து மேசையில் வைத்தார். கையெழுத்துப் போடுகிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று தாளாளர் சொன்னார். பேச்சித்தாய் சரி என்று வெளியே வந்தார்.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு அவர் பள்ளி வாசலுக்கு எதிரே நின்றார். வேலைக்கு வரக்கூடாது என்று சொன்னார்களே ஒழிய, வெளியே நிற்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. சேர்க்கை நடக்கிற சமயம். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் கார் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, இது அந்த முதல்வர் அல்லவா என்று வணக்கம் சொன்னார்கள். பேச்சித்தாய் ஒவ்வொருவரிடமும் நிதானமாக, தான் ஆயா என்றும், அங்கியை மாட்டச் சொன்னது இன்னார் என்றும், அதற்கு இன்னார்தான் பதில் சொல்ல வேண்டும் என்றும் விளக்கினார். வாட்ச்மேன் வந்து தள்ளி நிற்கச் சொன்னார். எத்தனை அடி என்று இவர் கேட்டார். வாட்ச்மேனுக்கு அது சொல்லப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கோமதிசங்கரின் அலுவலகத்துக்குப் போனார். அலுவலகம் என்றால் ஜெராக்ஸ் கடையில் பாதி. அங்கே கோமதிசங்கர் செய்தியும் எடுப்பார், விளம்பரமும் எடுப்பார். எது எது என்று அவருக்கே சில நாள் குழம்பும்.

அவருடைய தொழில்முறையைப் பற்றி இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். எந்த விழாவுக்கும் அவர் நேரில் போவதில்லை. அழைப்பிதழ் வந்ததும் அதைப் பார்த்து முந்தின நாளே எழுதி அனுப்பிவிடுவார். அழைப்பிதழில் ‘தலைமை’ என்றிருந்தால் ‘தலைமை தாங்கினார்’. ‘நன்றியுரை’ என்றிருந்தால் ‘முடிவில் நன்றி கூறினார்’. நடுவில் திரளானோர் கலந்துகொண்டனர். போன வருஷம் வீரவநல்லூரில் ஒரு விளையாட்டு விழா கோடை மழையில் நின்றுபோனது. அவருடைய செய்தியில் வீரர்கள் சீறிப் பாய்ந்தார்கள். வீரர்களின் அப்பாமார் அந்தச் செய்தியை வெட்டி வைத்துக்கொண்டார்கள்.

தன்னைப் பற்றி எழுதியது பொய், உண்மையை எழுத வேண்டும் என்று பேச்சித்தாய் கேட்டார். கோமதிசங்கர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். தாளில் இருப்பதைத் தாளுக்கு அனுப்புவதுதான் தன் வேலை, நியாயத்துக்கு அதில் கட்டம் கிடையாது என்று விளக்கினார்.

“நடந்தத எழுதுனா வம்பு அக்கா. நடக்கப்போறத எழுதுனா ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டாவ.”

பேச்சித்தாய் டீயைக் குடித்து முடித்தார். பிறகு, அழைப்பிதழ் இருந்தால் யார் வீட்டு விழாவாக இருந்தாலும் எழுதுவீர்களா என்று கேட்டார். எழுதுவேன், தேதியைக்கூடப் பார்க்கமாட்டேன் என்றார் கோமதிசங்கர், கொஞ்சம் பெருமையாகவே.

பேச்சித்தாயின் மகள் இசக்கிச்செல்வி, மதார் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் அழைப்பிதழ் அமைக்கிறவள். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எல்லாம் அவள் கைக்குத் தண்ணீர் பட்டபாடு. அம்மா சொல்லச் சொல்ல அடித்தாள். முதலாளி மதார் பின்னால் நின்று வாசித்துவிட்டு, “ஏளா, இதுல பொய்யி ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார்.

“பொய்யி என்ன இருக்கு அண்ணாச்சி? அவரக் கூப்பிடுதேன். வாரதும் வராததும் அவரு இஷ்டம்” என்றார் பேச்சித்தாய்.

மதார் யோசித்துவிட்டு, பிள்ளையார் படம் போடவா வேண்டாமா என்று மட்டும் கேட்டார். போடச் சொன்னார்கள். மங்களகரமான மஞ்சள் அட்டை. ‘அன்புடையீர், நிகழும் திங்கட்கிழமை மாலை நாலரை மணிக்கு, பொதிகைச் சிகரம் பள்ளியின் வாசலில், மூன்றாம் நம்பர் பேருந்து முன்பாக, பேச்சித்தாயிடம் மன்னிப்புக் கேட்கும் விழா நடைபெற இருப்பதால் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தர வேண்டுகிறேன். தலைமையும் மன்னிப்புரையும்: தாளாளர் திரு. கார்த்திகேசன். ஏற்புரை: பேச்சித்தாய். நன்றியுரை: ஓட்டுநர் முப்பிடாதி.’ இருபத்தைந்து அட்டை அடித்தார்கள்.

முதல் அட்டை யாருக்கு என்பதில் பேச்சித்தாய்க்குச் சந்தேகமே இல்லை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு வைத்து, புதன்கிழமை காலையில் தாளாளர் வீட்டுக்கே போனார். மகளும் கூட. கார்த்திகேசன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பிரம்மநாயகி உள்ளேயிருந்து வந்தார். தாம்பாளத்தையும் பக்கத்தில் நின்ற பெண்ணையும் பார்த்ததும் இருவரும் இசக்கிச்செல்விக்குக் கல்யாணம் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். சண்டை சமாதானம் எல்லாம் அப்புறம். தாம்பாளம் வீட்டுக்கு வந்தால் எழுந்து நின்று வாங்க வேண்டும், வருகிறேன் என்று சொல்ல வேண்டும். எந்த நாள், எந்த மண்டபம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நம்ம பக்கத்தில் யாரும் அட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்வதில்லை, சொன்னால் அது மரியாதை இல்லை.

கார்த்திகேசன் எழுந்து நின்றார். இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கினார். “ரொம்ப சந்தோசம் பேச்சித்தாய். கண்டிப்பா வந்துருதேன்” என்றார்.

பிரம்மநாயகி குங்குமம் கொடுத்து அனுப்பினார்.

அட்டையைப் பிரித்தபோது வீட்டில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. தாளாளர் அன்று பன்னிரண்டு மணிக்குத்தான் பள்ளிக்கு வந்தார் என்று மட்டும் தெரிகிறது. பைத்தியக்காரி, திங்கட்கிழமை யார் போகப்போகிறார்கள், தானாக ஓய்ந்துவிடும் என்று மேலாளரிடம் சொல்லியிருக்கிறார். இன்னோர் அட்டை ஜெராக்ஸ் கடைக்குப் போயிருப்பது அவருக்குத் தெரியாது.

கோமதிசங்கர் வழக்கம்போல வேலையை ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிட்டார். திங்கட்கிழமை காலை, விழாவுக்குப் பத்து மணி நேரம் முன்னதாகவே ‘பொருநைத் தூதன்’ அதை விவரமாக வெளியிட்டது. ‘ஆயாவிடம் மன்னிப்புக் கேட்ட தாளாளர்: பெற்றோர் நெகிழ்ச்சி.’ தாளாளர் கார்த்திகேசன் தலைமை தாங்கி, கண்ணீர் மல்க மன்னிப்புக் கோரினார். பேச்சித்தாய் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொண்டு உரையாற்றினார். திரளான பெற்றோர் கலந்துகொண்டனர். முடிவில் ஓட்டுநர் முப்பிடாதி நன்றி கூறினார். முப்பிடாதி அப்போது பேருந்துக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் நன்றி கூறிய செய்தியை வெளியே வந்ததும்தான் கேள்விப்பட்டார்.

தாளாளர் கோமதிசங்கரைப் போனில் பிடித்து உரித்து எடுத்தார். அழைப்பிதழில் உங்கள் பெயர்தானே தலைமை போட்டிருந்தது அண்ணாச்சி என்று அவர் பணிவாகக் கேட்டார். மறுப்பு வேண்டும் என்றார் இவர். போடலாம் என்றார் அவர். ஆனால் எதை மறுப்பது? நான் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன் என்றா? அதைத் தலைப்பு அச்சிட்ட தாளில் கையெழுத்தோடு கொடுத்தால் அப்படியே போட்டுவிடுவதாகச் சொன்னார். தாளாளர் தாளை எடுத்தார். எழுத ஆரம்பிக்குமுன் மறுபடி போன் அடித்தது.

ஷார்ஜாவிலிருந்து ஒருவர். பேப்பர் படம் குழுவில் வந்ததாம். ஓர் ஆயாவிடம் தாளாளரே மன்னிப்புக் கேட்கிற பள்ளியில் என் பிள்ளை படிக்க வேண்டும் என்றார். அடுத்தது தோஹா. அதற்கடுத்தது மஸ்கட். பத்தமடையில் இருந்த சல்மான் ஃபாரிஸ் இன்னொரு நான்கு நிமிடக் குரல் பதிவு போட்டிருந்தார், இந்தத் தடவை பாராட்டி. நீச்சல் குளமும் குதிரையும் பத்து நிமிட விமான நிலையமும் சேர்ந்து செய்யாத வேலையை நடக்காத ஒரு விழா செய்துகொண்டிருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குள் தாளாளரின் கோபம் போய், அந்த இடத்தில் ஒரு திட்டம் உட்கார்ந்திருந்தது.

பேச்சித்தாயை உள்ளே வரச் சொன்னார். அன்றைக்கு நாற்காலியும் போடச் சொன்னார்.

“பேப்பர்ல வந்துட்டு. இனிமே என்ன? நடந்ததாவே வச்சிக்கிடுவோம். கையெழுத்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீ நாளையிலருந்து பஸ்ஸுல ஏறு.”

ஒரு வாரமாக அவருக்கு வேலை இல்லை. திரும்பக் கிடைக்கிறது, அதுவும் கையெழுத்து இல்லாமல். வேறு யாராக இருந்தாலும் எழுந்து கும்பிட்டிருப்பார்கள். பேச்சித்தாய் நாற்காலியில் உட்காரவும் இல்லை.

“பேப்பர்ல நீங்க கண்ணீரு விட்டதா போட்டுருக்கு அய்யா. அதெல்லாம் வேண்டாம். வாயால சொன்னாப் போதும். நாலரைக்கு.”

“பேச்சித்தாய், நீ அளவுக்கு மீறிப் போற.”

“தாம்பாளத்த வாங்கிட்டு வாரேன்னு சொன்னிய. அம்மாவும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தாவ.”

அவர் வெளியே போய் மறுபடி வாசலுக்கு எதிரே நின்றுகொண்டார். நல்ல வெயில்.

மூன்றரை மணிவரை தாளாளர் வருவதாக இல்லை. மூன்றே முக்காலுக்கு வீட்டிலிருந்து பிரம்மநாயகி போன் செய்தார். மேலாளர் பக்கத்தில் இருந்ததால் இது வெளியே தெரிந்தது. பேப்பரை அவரும் படித்திருந்தார். மஞ்சள் தடவிய அட்டையை எழுந்து நின்று வாங்கியவர் போகாமல் இருந்தால், நாளைக்கு நம் வீட்டு அட்டையை எவன் மதித்து வாங்குவான் என்று கேட்டிருக்கிறார். பிறகு, “போயிட்டு வாங்க. ஒரு வார்த்ததான” என்று சொல்லி வைத்துவிட்டார்.

நாலரைக்கு மூன்றாம் நம்பர் பேருந்து வாசலில் நின்றது. உள்ளே நாற்பத்திரண்டு பிள்ளைகளும் சன்னல்களில் அடுக்கி வைத்தது போல இருந்தார்கள். வெளியே பிள்ளையை அழைத்துப்போக வந்த ஏழெட்டுப் பெற்றோர், விஜயஸ்ரீ, பத்தமடையிலிருந்து சல்மான் ஃபாரிஸ், அச்சகத்தை அரை மணி நேரம் பூட்டிவிட்டு வந்த மதார். திரளானோர் என்று சொல்ல முடியாது. கோமதிசங்கர் வரவில்லை. அவரைப் பொறுத்தவரை விழா காலையிலேயே முடிந்துவிட்டது.

தாளாளர் நடந்து வந்தார். முன்னால் மேலாளர் ஓடிவந்து, இருவரும் கைகூப்புகிற மாதிரி ஒரு படம் எடுத்தால் அடுத்த வருஷ விளம்பரத்துக்கு ஆகும் என்று கைபேசியைத் தூக்கினார். பேச்சித்தாய் கைபேசிக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டினார். “படம் எடுத்துப் பட்டது போதும். அத உள்ள வையிங்க சார்” என்றார். மேலாளர் தாளாளரைப் பார்த்தார். தாளாளர் தலையை ஆட்ட, கைபேசி சட்டைப் பைக்குள் போனது.

கார்த்திகேசன் செருப்பைப் பார்த்தபடி ஏதோ சொன்னார். முன்னால் நின்ற இரண்டு பேருக்கு உதடு அசைந்தது தெரிந்தது.

“பின் சீட்டுல கேக்கல அய்யா” என்றார் பேச்சித்தாய்.

தாளாளர் நிமிர்ந்து சன்னல்களைப் பார்த்தார். பிறகு பள்ளிக் காலை வணக்கத்தில் பேசுகிற குரலில், ஒவ்வொரு சொல்லாக, “டிசம்பர் மாசம் அந்த அங்கிய மாட்டச் சொன்னது நான்தான். பேச்சித்தாய் மேல ஒரு தப்பும் கிடையாது. மாத்திச் சொன்னது நான். என்னய மன்னிச்சிரணும்” என்றார்.

யாரும் கைதட்டவில்லை. விஜயஸ்ரீ மட்டும் மெல்லத் தலையசைத்தார்.

பேச்சித்தாய் பேருந்தின் படியில் ஒரு காலை வைத்து உள்ளே எட்டிப் பார்த்து, “ஏலே பின்னால, கேட்டுச்சா?” என்றார். கேட்டுச்சு என்று கடைசி வரிசை மொத்தமாகச் சொன்னது. அவர் தாளாளர் பக்கம் திரும்பி, “சரி அய்யா” என்றார். ஏற்புரை அவ்வளவுதான். ஏறிக் கதவைச் சாத்திவிட்டு, சன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த ஒரு கையை உள்ளே இழுத்துவிட்டு, முப்பிடாதியிடம் வண்டியை எடுக்கச் சொன்னார்.